பெக்கெலாகெ கிளப் பற்றி வசந்திக்கு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். நிலா இங்கே ஒரு கிளப்பில், கையால் பந்தை எறிந்து கோல் போடும் ஹேண்ட்பாலில் சேர்ந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, "அது என்ன கிளப், பணக்காரர்கள் சீட்டாடும் இடமா?" என்று கேட்டிருக்கிறாய். இல்லடி, அது வேறு மாதிரி. விவரமாகவே எழுதுகிறேன், உனக்குப் பிடிக்கும்.

கிளப்பின் பெயர் பெக்கெலாகெ. நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவின் தென்கிழக்கே, கடலைப் பார்த்த மேட்டுப் பகுதி அது. 1909-ல் கிளப்பைத் தொடங்கியபோது நகரத்தின் பெயர் கிறிஸ்டியானியா. ஸ்வீடனிடமிருந்து நார்வே பிரிந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. இன்று கால்பந்து, ஹேண்ட்பால், பனிச்சறுக்கு, வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடும் ஓரியன்டியரிங் எல்லாம் ஒரே கிளப்பின் கீழே நடக்கின்றன. எந்தக் குழந்தையும் சேரலாம். உறுப்பினர் கட்டணம் உண்டு, ஆனால் தேர்வு வைத்து யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

இந்த ஊரில் பெண்கள் ஹேண்ட்பால் ஏன் இவ்வளவு வேரூன்றியது என்று யோசித்திருக்கிறேன். ஒன்று, குளிர்காலம். வெளியே பனி மூடிக் கிடக்கும் மாதங்களில் பள்ளி உள்ளரங்கம்தான் கதி. இன்னொன்று, பெண்கள் கால்பந்தை நார்வேயின் கால்பந்துச் சங்கம் ஏற்றுக்கொண்டதே 1970-களின் நடுவில்தான். அதுவரை குழுவாக ஆட நினைத்த பெண்களுக்கு ஹேண்ட்பால்தான் திறந்திருந்த கதவு. தடுத்து வைத்தவர்களுக்கு இதில் பெருமை எதுவும் இல்லை, நுழைந்து ஆடிய பெண்களுக்குத்தான் பெருமை.

பெக்கெலாகெ செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது 1972-ல் நடந்தது. அந்த வருடம் பிள்ளைகளுக்கான சர்வதேசக் கால்பந்துப் போட்டியை ஆரம்பித்தார்கள். நார்வே கப் என்று பெயர். முதல் வருடத்திலேயே பெண் பிள்ளைகளின் அணிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். சங்கத்தின் சம்மதம் வரட்டும் என்று இவர்கள் காத்திருக்கவில்லை, பார்த்தாயா! இப்போது அது உலகத்தின் மிகப் பெரிய இளையோர் போட்டிகளில் ஒன்று, சில வருடங்களில் 2,000 அணிகளுக்கு மேல் வந்திருக்கின்றன. நைரோபியின் மத்தாரே குடிசைப் பகுதிப் பிள்ளைகள் 1990-லிருந்து வருகிறார்கள். வெளியூர் அணிகள் பள்ளி வகுப்பறைகளில் பாயை விரித்துத் தூங்கும். சோறு போடுவது, வழி காட்டுவது, குப்பை அள்ளுவது என்று எத்தனையோ வேலைகளைச் சம்பளம் வாங்காமல் ஊர்க்காரர்களே செய்கிறார்கள்.

அந்தப் போட்டியைப் பல வருடங்கள் தலைமை ஏற்று நடத்தியவர் ஃப்ரோடே ஷூவோக். அவரே பெண்கள் ஹேண்ட்பால் அணிக்கும் பயிற்சியாளராக இருந்தவர். 1990-களில் அந்த அணி ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தது. டென்மார்க்கின் ஆன்யா ஆண்டர்சன் இங்கே வந்து ஆடினார். முதுகுக்குப் பின்னால் பாஸ் கொடுக்கும் துணிச்சல்காரி. 1998-லும் 1999-லும் அடுத்தடுத்து கப் வின்னர்ஸ் கப் என்ற ஐரோப்பியக் கோப்பையை பெக்கெலாகெ எடுத்தது. அதே 1999 டிசம்பரில் நார்வே தேசிய அணி சொந்த மண்ணில் பிரான்ஸைத் தோற்கடித்து முதல் முறையாக உலகக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டம் இரண்டு முறை கூடுதல் நேரத்துக்குப் போனது. இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது இங்கே வயதானவர்களின் முகம் மாறிவிடும்.

அப்புறம் காலம் லார்விக் என்ற சிறிய ஊரின் பக்கம் திரும்பியது. அந்த ஊர் அணி 2011-ல் ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கையே வென்றது, நார்வே கிளப்புகளில் அதுதான் முதல் முறை. அவர்களுக்குப் பிறகு கிறிஸ்டியான்சான் நகரத்தின் வைப்பர்ஸ். 2021, 2022, 2023 என்று மூன்று வருடமும் சாம்பியன்ஸ் லீக் அவர்களுக்கே. அப்படிப்பட்ட அணி 2025 ஜனவரியில் திவாலானது. எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது, வசந்தி. பெரிய ஆட்டக்காரர்களுக்கான சம்பளத்தை ஸ்பான்சர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்? பெக்கெலாகெவின் முதல் அணியும் பழைய உயரத்தில் இல்லைதான். ஆனாலும் கிளப் நூறு வயதைத் தாண்டி நிற்கிறது, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அரங்கம் முழுக்கச் சிறு பெண்களின் சத்தம். எனக்கு இதுதான் பெரிய சாதனை.

உன் அணியின் கோல்கீப்பர் பெண்ணைப் பத்தாவதோடு ஆட்டத்தை விடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவள் அம்மாவிடம் நீயே நேரில் போய்ப் பேசு. ஆட்டத்தை மட்டும் சொல்லாதே, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி இடம் கிடைக்கும் வாய்ப்பையும் சொல். பயிற்சிக்குப் பிறகு வீடு வரை யார் கூட வருவார்கள் என்பதற்கும் பதில் வைத்துக்கொண்டு போ. முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

சரி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இங்கே வயதுக்குத் தகுந்தபடி பந்து மாறும். நிலாவின் அணி அடுத்த அளவுக்குப் போவதால் சின்னப் பந்துகள் மீதமாகும். கிளப்பில் கேட்டு வாங்கி, டிசம்பரில் வரும்போது காற்றை இறக்கிக் கொண்டுவருகிறேன். உங்கள் மைதானம் சிமென்ட் தரையா, மண்ணா? எந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு எத்தனை பந்து தேவைப்படும்? பார்த்து எழுது.

அன்புடன்,
கலா