ஒரே குடும்பத்தில் இரண்டு நாவல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுத்தாளர்களிடையே நிலவும் பொறாமை பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். திருக்குறளின் அழுக்காறாமை அதிகாரத்தில் தொடங்கிய அது, பிறர் வளர்ச்சியைக் கண்டு மகிழப் பழக வேண்டும் என்ற அறிவுரையில் முடிந்திருந்தது. அறிவுரையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால், நம் பொறாமைக்கு ஆளாகிறவர் முன்பின் தெரியாத ஒருவராக இல்லாமல் சொந்தக்காரராகவும், நம்மைப் போலவே முதல் நாவலோடு மல்லுக்கட்டுகிறவராகவும் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

என் சித்தி மகளும் நானும் நாவல் எழுதுகிறோம். இருவருக்கும் இன்னும் ஒரு புத்தகம்கூட வெளிவரவில்லை. அவள் எழுதி முடித்து, கருத்துக் கேட்டுப் பிரதியை எனக்கு அனுப்பியிருக்கிறாள். என்னுடையது பாதியில் நிற்கிறது. பெரிய விருது பெற்ற எழுத்தாளர்களைப் பற்றிய செய்திகள் எதுவும் என்னை அசைத்ததில்லை. இந்தப் பிரதி அசைத்துவிட்டது. காலத்தாலும் இடத்தாலும் வயதாலும் புகழாலும் நமக்கு அருகில் இருப்பவர்கள் மீதே பொறாமை கொள்கிறோம் என்று அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை பற்றிய தம் நூலில் எழுதிவைத்திருப்பதால், இதில் புதுமை ஏதும் இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.

எனினும் உறவினர் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இருவருக்கும் சரக்கு ஒன்றுதான். எங்கள் பாட்டி எந்த அறைக்குள் நுழையும் முன்னும் ஒருமுறை இருமுவார். உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் முகத்தைச் சரிசெய்துகொள்ள அவர் தரும் அவகாசம் அது. பல வருடங்களாக என் குறிப்பேட்டில் கிடந்த அந்த இருமல், அவளுடைய மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே வரியில், எந்த விளக்கமும் இல்லாமல் வந்து போகிறது. நான் எழுதியிருந்தால் அரைப்பக்கம் ஆகியிருக்கும். அந்த வரியைப் படித்த பிறகு, என் பென்சில் அவளுடைய கதையை விட்டுவிட்டு வல்லினம் மிகும் இடங்களைத் தேடத் தொடங்கியது.

இத்தகைய வாசிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் ஆய்வே இருக்கிறது. உளவியலாளர்களான டெஸ்ஸரும் ஸ்மித்தும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், மற்றவர் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கக் குறிப்புகள் தரும் விளையாட்டு ஒன்றில் பங்கேற்றவர்கள், அது முக்கியமான திறமையைச் சோதிப்பது என்று சொல்லப்பட்டபோது, அந்நியர்களைவிடத் தம் நண்பர்களுக்கே கடினமான குறிப்புகளைக் கொடுத்தார்கள். ‘நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் செதுக்கலாம்’ என்று உறவினர் பிரதிக்கு நாம் சொல்லும் கருத்தும் அப்படியொரு கடினமான குறிப்புதான் என்பது என் எண்ணம். கேட்பதற்கு அன்பாக இருக்கும், எதைச் செதுக்குவது என்று மட்டும் தெரியாது.

ஆகவே, தன் நாவல் முடியாத நிலையில் ஒருவர் உறவினருடைய நாவலுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றும், ‘நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன், என்னுடையது முடிந்த பிறகு சொல்கிறேன்’ என்று வெளிப்படையாகச் சொல்லிப் பிரதியைத் திருப்பிக் கொடுப்பதே நேர்மை என்றும் கருதுகிறேன். நான் அப்படித்தான் செய்தேன். அவள் சிரித்துவிட்டு வேறொரு தோழிக்கு அனுப்பினாள்.

ஒருவருக்கொருவர் படித்துக் காட்டியே வளர்ந்த உறவினர்கள் இல்லையா என்று கேட்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர்களான சார்லட், எமிலி, ஆன் என்ற பிராண்ட்டி சகோதரிகள் இரவில் மேசையைச் சுற்றி நடந்தபடி எழுதியதைப் பகிர்ந்துகொண்டவர்கள்தாம். ஆனால் அவர்கள் ஒன்றாக முடித்து, மூன்று நாவல்களையும் ஒன்றாகவே பதிப்பாளர்களுக்கு அனுப்பினார்கள். தங்கைகள் இருவருடையதையும் ஒரு பதிப்பாளர் ஏற்றார். அக்காவுடையதை எவரும் ஏற்கவில்லை. அந்த நாளில் சார்லட்டின் மனத்தில் என்ன ஓடியது என்பது இருக்கட்டும். அவர் வேறொரு நாவலை எழுதி முடித்தார். அது 1847 அக்டோபரில், தங்கைகளின் புத்தகங்கள் அச்சாகி வருவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. நிராகரிக்கப்பட்ட முதல் நாவலோ அவர் இறந்த பிறகு, 1857இல்தான் வெளிவந்தது.

சொந்தபந்தங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ‘அவள் முடித்துவிட்டாளாமே, உன்னுடையது எப்போது?’ என்று சிரித்துக்கொண்டே கேட்கிறவர்கள், எழுதப்படும் இரண்டு நாவல்களில் எதையும் படிக்கப் போவதில்லை. அவர்களுக்குத் தேவை பந்தய முடிவு மட்டுமே.

தங்கள் மலரில் மீண்டும் இப்பொருள் இடம்பெறுமானால், ஒரே குடும்பத்திலிருந்து எழுத வந்த இருவரை அமர்த்திப் பேட்டி எடுத்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். யார் பிரதியை யார் எப்போது படித்தார்கள், எந்தச் சம்பவத்தை யாருக்காக விட்டுக்கொடுத்தார்கள், எதைச் சொல்லாமல் மறைத்தார்கள் என்ற கேள்விகளைத் தவறாமல் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்