அவை பூக்கள் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புதுச்சேரியில் நடந்துவரும் எம்பிராய்டரி கண்காட்சி பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் உங்கள் நிருபர் எழுதியதைப் படித்தேன். 'ஓய்வு நேரக் கைவேலையில் இல்லத்தரசிகளும் அசத்தலாம் என்பதற்கு, நைட்டியில் பூத்திருக்கும் செந்நிறப் பூக்களே சாட்சி' என்கிறார். பக்கத்திலேயே வத்தக்குழம்பு செய்முறை. பொருத்தம் பிரமாதம்.

அந்த நைட்டியை நானும் போய்ப் பார்த்தேன். அவை பூக்கள் அல்ல ஐயா. கணவனிடம் அடி வாங்கிய இடங்கள். தோளிலும் இடுப்பிலும் முழங்கைக்கு மேலும் சிவப்பு நூலில் முடிச்சுத் தையல். பலத்த அடிக்கு நெருக்கமாக, லேசானதற்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு. அதைத் தைத்தவர் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி தொங்கவிட்டிருக்கிறார். பின்பக்கம் நூல்கள் சிக்கிக் கிடக்கின்றன, வெட்டாத நுனிகள் தொங்குகின்றன. என் மாணவி அப்படிக் கொண்டுவந்தால் பிரித்துத் தைக்கச் சொல்லியிருப்பேன். இவர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். உங்கள் நிருபர் பின்பக்கம் போகவே இல்லை போலிருக்கிறது.

சுவரில் ஒட்டிய குறிப்பையாவது படித்திருக்கலாம். 1830 வாக்கில் இங்கிலாந்தில் எலிசபெத் பார்க்கர் என்ற வேலைக்காரப் பெண், எஜமானனிடம் பட்ட கொடுமையையும் சாக நினைத்ததையும் சிவப்பு நூலில், குறுக்குத் தையலில், எழுத்தெழுத்தாகத் தைத்து வைத்தாள். கடைசி வாக்கியம் பாதியில் நிற்கும் அந்தத் துணி இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய சித்திரத் திரைச்சீலைகளைப் பழுதுபார்க்கும் வீட்டில் வளர்ந்த பிரெஞ்சு-அமெரிக்கச் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா, எண்பது வயதுக்கு மேல் தன் பழைய உடுப்புகளையே வெட்டித் தைத்துச் சிறுவயதுக் காயங்களைச் சொன்னவர். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. நிருபரிடமும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்.

சுனாமிக்குப் பிறகு என் வகுப்பில் தேவனாம்பட்டினத்துப் பெண் ஒருத்தி வாயே திறக்க மாட்டாள். எந்தப் பூ வரைந்து கொடுத்தாலும் நீல நூல்தான் கேட்பாள். கடல் கொண்டுபோன அன்று தம்பி போட்டிருந்த சட்டை நிறம் என்று அவள் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அந்த வகுப்பையும் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். 'சும்மா பூப் போடுகிற பீரியடுதானே டீச்சர்' என்பார். இப்போது நீங்களும் அதையே அச்சில் போட்டுவிட்டீர்கள்.

உங்கள் பத்திரிகையில் மனைவியை அடித்தால் அது 'குடும்பத் தகராறு'. ஸ்டவ் வெடித்தால் மருமகள் மட்டும் சாவாள். மாமியாரைத் தொடாத அந்த அதிசய ஸ்டவ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று நீங்கள் ஒருநாளும் விசாரித்ததில்லை. இதைப் பற்றி முன்பே விரிவாக எழுதினேன். கடைசியில் போகிற போக்கில் சொன்ன பஸ் ஸ்டாண்டு கழிப்பறை விஷயத்தை மட்டும் பிரசுரித்தீர்கள். அதற்கு நன்றி.

சரி, இப்போது கேட்பது இவ்வளவுதான். படத்தின் கீழே ரிப்பன் வெட்டியவர், குத்துவிளக்கு ஏற்றியவர், பொன்னாடை போர்த்தியவர் பெயரெல்லாம் பட்டத்தோடு சரியாக வந்திருக்கின்றன. தைத்தவர் பெயரில்தான் எழுத்துப்பிழை. சரியான பெயரைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். கண்காட்சி முடிவதற்குள் ஒரு திருத்தம் போடுங்கள். வத்தக்குழம்புக்குக் கீழே இடம் இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.