ஆண்டறிக்கை 2024–25: பறக்கும் சாலையும் நம் ஆற்றங்கரையும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. கணக்குகள் தணிக்கை ஆகிவிட்டன. பொருளாளர் அவற்றை எனக்குப் பிறகு வாசிப்பார். பொங்கல் கோலப்போட்டியும் கண் பரிசோதனை முகாமும் நல்லபடியாக நடந்தன. தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு சம்பந்தமான புகார்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிட்டன. நாய்க் கருத்தடை முகாம் மட்டும் இன்னும் பாக்கி.

சங்கத்தின் நேரத்தில் பெரும்பகுதி இந்த ஆண்டு ஒரே விஷயத்துக்குப் போனது: சென்னையில் கூவம் ஆற்றின் கரையோரம் எழும்பிக்கொண்டிருக்கும் துறைமுகம் – மதுரவாயல் ஈரடுக்குச் சாலை. நம் ஊர்ப் பேச்சில் அது இன்னும் ‘பறக்கும் சாலை’தான். அதன் கதையை முதலிலிருந்து தொகுத்து ஒரு கோப்பாக வைக்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. அது எவ்வளவு தேவை என்பது வேலையில் இறங்கியபோது தெரிந்தது. கூட்டங்களில் ஒருவர் 2009 திட்டத்தை மனதில் வைத்துப் பேசுகிறார், பக்கத்தில் இருப்பவர் 2022 திட்டத்தைப் பற்றிப் பேசுகிறார். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு சாலைகள்.

தடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துறைமுகத்தில் தொடங்கி, போர் நினைவுச்சின்னம் பக்கமாக வந்து, நேப்பியர் பாலத்துக்கு அருகே கூவத்தைப் பிடிக்கிறது. அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை, எழும்பூர், சேத்துப்பட்டு, அமைந்தகரை, அரும்பாக்கம் என்று ஆற்றைத் தொட்டுக்கொண்டே கோயம்பேடு வரை. அப்புறம் ஆற்றை விட்டு விலகி, பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு மேலே நெற்குன்றம் வழியாக மதுரவாயலில் புறவழிச்சாலைச் சந்திப்பில் போய் இறங்குகிறது. மொத்த நீளம் 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டு முனைகளும் பெரிய இடங்கள்: ஒன்று கடல், மற்றொன்று பெங்களூர் நெடுஞ்சாலை. நடுவில் இருப்பவர்கள் நாம்.

இந்த இணைப்பு ஏன் வேண்டியிருந்தது என்பதைப் புரிந்துகொள்ளாமல் இதை எதிர்ப்பதும் சரியில்லை, ஆதரிப்பதும் சரியில்லை. நாட்டிலேயே முதல் தனிக் கண்டெய்னர் முனையம் நம் துறைமுகத்தில் 1983இல் வந்தது. பெட்டிகள் பெருகின, ஆனால் துறைமுகத்தைச் சுற்றி ஊர் நெருக்கி நிற்கிறது. பகலில் நகரச் சாலைகளில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் டிரெய்லர்கள் வடக்கே சுற்றி, மணலி, எண்ணூர் நெடுஞ்சாலை வழியாக வர வேண்டியிருந்தது. திருவொற்றியூர் பக்கம் உறவினர் உள்ளவர்களுக்கு அந்த வரிசை தெரியும். மைல் கணக்கில் லாரிகள் நிற்கும். ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியிலேயே அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். அந்தப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாகச் சுமந்த துன்பத்துக்கு ஒரு மாற்றுவழி வேண்டும் என்பதில் நம் சங்கத்துக்கு எப்போதும் மறுப்பு இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ‘கரையோரத்துக்காரர்கள் எல்லாவற்றையும் எதிர்ப்பவர்கள்’ என்ற பேச்சு நியாயமில்லாதது.

முதல் திட்டத்துக்கு 2009 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். சுமார் 19 கிலோமீட்டர், நான்கு வழி, ஒரே அடுக்கு, மதிப்பீடு 1,655 கோடி ரூபாய். கட்டிய நிறுவனமே சுங்கம் வசூலித்துப் போட்ட பணத்தை எடுத்துக்கொள்ளும் முறை. வேலை 2010இல் தொடங்கியது. கூவம் கரையிலும் கோயம்பேட்டுக்கு மேற்கிலும் தூண்கள் எழுந்தன.

2011இல் ஆட்சி மாறியது. 2012 மார்ச்சில் மாநில அரசு வேலையை நிறுத்தியது. ஒப்புதல் வாங்கிய தடத்திலிருந்து விலகி ஆற்றுக்குள்ளேயே தூண்கள் வருகின்றன, வெள்ளம் வடிவதற்கு அவை தடை என்பது சொல்லப்பட்ட காரணம். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2014 பிப்ரவரியில் நீதிமன்றம் அரசின் தடையை ரத்து செய்தது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இதற்கிடையில் தூண்கள் தலையில் துருப்பிடித்த கம்பிகளோடு அப்படியே நின்றன. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தினமும் போய்வந்த நம் பிள்ளைகள் அந்தக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே பள்ளிப்படிப்பை முடித்தார்கள்.

நிறுத்தியதில் அரசியல் இருந்தது என்று நம் உறுப்பினர்கள் சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஆறு பற்றி அப்போது எழுப்பப்பட்ட கேள்வி நல்ல கேள்வி. யார் எழுப்பினார்கள் என்பதற்காக அதைத் தள்ளிவிடக் கூடாது. 2015 டிசம்பரில் கூவம் கரை புரண்டபோது அந்தக் கேள்வியின் அர்த்தம் நம் வீட்டு வாசலுக்கே வந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மறுபடியும் வந்தது.

நீதிமன்றத்தில் வழக்கு நடந்த காலத்தில் துறைமுகமும் மாறிவிட்டது. மாசு காரணமாக நிலக்கரியும் இரும்புத்தாதுவும் 2011இலேயே நீதிமன்ற உத்தரவால் இங்கிருந்து விலகி எண்ணூர்ப் பக்கம் போய்விட்டன. காட்டுப்பள்ளியில் புதிய துறைமுகம் 2013இல் கண்டெய்னர்களை வாங்கத் தொடங்கியது. சாலை தாமதமான ஒவ்வொரு ஆண்டும் சரக்கு வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. திட்டத்தை மறுபடி எடுத்தபோது, லாரிக்கு மட்டும் ஒரு சாலை என்ற கணக்கு போதவில்லை. நகர வாகனங்களையும் சேர்த்துக்கொண்ட ஈரடுக்கு யோசனை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. மற்றொரு காரணம் இடம். கரையில் அகலமாகப் போக இடமில்லை, மேலேதான் போக முடியும்.

2022 மே 16 அன்று தமிழ்நாடு அரசு, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், கடற்படை ஆகிய நான்கும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கடற்படை எதற்கு என்று ஒரு உறுப்பினர் கேட்டார்: துறைமுக முனையில் சாலை போகும் வழியில் கடற்படை இடம் இருக்கிறது. பத்து நாள் கழித்து, மே 26 அன்று, பிரதமர் நரேந்திர மோடி சென்னையில் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 5,850 கோடி ரூபாய்க்கு மேல். 1,655 கோடி 5,850 கோடி ஆகிவிட்டது என்று ஒரே மூச்சில் சொல்பவர்கள் நம்மிலேயே உண்டு. விலைவாசியும் தாமதமும் அதில் இருக்கின்றன, ஆனால் ஓர் அடுக்கு இரண்டு அடுக்கானதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இப்போதைய வடிவம் இது. மேலடுக்கு துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை லாரிகளுக்கு. நடுவில் அவை ஊருக்குள் இறங்காது. கீழடுக்கு சிவானந்தா சாலைப் பக்கத்திலிருந்து கோயம்பேடு வரை நகர வாகனங்களுக்கு. ஏறி இறங்க 13 சரிவுப்பாதைகள். நமக்குப் பயனும் தொல்லையும் இந்தச் சரிவுப்பாதைகள் வழியாகத்தான் வரும். மேலே போகும் லாரி நம்மைத் தொடாது. கீழே இறங்கும் கார் நம் சந்திப்பில்தான் வந்து நிற்கும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு தெற்கே போகும் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டுப் போய்விட்டன. அந்தச் சந்திப்பின் நெரிசல் இன்று வேறு மாதிரி. பழைய எண்ணிக்கைகளை வைத்து இறங்குமிடங்களைத் தீர்மானிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஆற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். நம் வேலையின் மையம் அதுதான். நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் மூன்று மாதக் கூட்டங்களில் இதைப் பொறுமையாக விளக்கினார். கூவத்தின் கழுத்து அதன் முகத்துவாரத்தில் இருக்கிறது. நம் கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டியதும் அந்த மணல் தெற்குப் பக்கத்தில் தேங்கியது. மெரினா இத்தனை அகலமானது அப்படித்தான். ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் அரித்ததும் அதனால்தான். கூவத்தின் வாயில் மணல்திட்டு அடைப்பதும் அதே கதையின் ஒரு பகுதி. துறைமுகம் ஆற்றின் வாயை ஒரு முறை மாற்றியது. இப்போது அதே துறைமுகத்துக்கான சாலை ஆற்றின் உடம்போடு வருகிறது. ஆகவே ஆற்றின் நலன் இந்தத் திட்டத்தின் பொறுப்புக்குள் வர வேண்டும் என்பது நம் சங்கத்தின் நிலைப்பாடு. அது சலுகை கேட்பது ஆகாது.

அடுத்தது நம் பகுதிக்கே உரிய விஷயம். விருகம்பாக்கம் – அரும்பாக்கம் கால்வாய் கூவத்தில்தான் விழுகிறது. கூவத்தில் தண்ணீர் மட்டம் உயர்ந்தால் கால்வாய்த் தண்ணீர் போக இடமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எம்.எம்.டி.ஏ. காலனி தெருக்களில் ஏறுகிறது. அப்படியென்றால் கூவத்தில் ஓர் அடி மட்டம் கூடுவது கரையோர வீடுகளோடு நிற்கும் சங்கதி கிடையாது. ஆற்றையே கண்ணால் பார்க்காத வீடுகளுக்கும் அது வரும்.

தூண் ஒன்றால் ஆறு அடைபடாது என்று பொறியாளர் தெளிவாகச் சொன்னார். ஒழுங்காக வடிவமைத்த தூண் எடுத்துக்கொள்ளும் இடம் குறைவு. வேலை நடக்கும் காலத்தில்தான் உண்மையான ஆபத்து. தூணின் அடித்தளத்துக்குத் துளை போடும் பைலிங் இயந்திரம் நிற்கவும், கம்பிக்கூடு இறக்கவும், கான்கிரீட் வண்டி வரவும் ஆற்றுக்குள் மண் கொட்டித் தற்காலிக மேடை போடுவார்கள். துளையிலிருந்து எடுக்கும் சேறும், துளை சரியாமல் இருக்க ஊற்றும் பெண்டோனைட் என்ற களிமண் கரைசலும் பக்கத்திலேயே குவியும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அதையெல்லாம் எடுக்காவிட்டால் ஆற்றின் குறுக்கே நாமே ஓர் அணை கட்டியது போல ஆகிவிடும். அதோடு ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் தூண்களுக்கு நடுவே சிக்கினால் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விளக்கத்துக்குப் பிறகு நம் கோரிக்கை மனு மாறியது. முன்பெல்லாம் ‘தூண் வேண்டாம்’ என்று எழுதிக்கொண்டிருந்தோம். இப்போது ‘செப்டம்பர் முடிவதற்குள் தற்காலிக மண்ணை அகற்றுங்கள், அகற்றியதைக் காட்டுங்கள்’ என்று எழுதுகிறோம். முதல் இரண்டு மனுக்களுக்குப் பதில் வரவில்லை. மூன்றாவதோடு புகைப்படங்களை இணைத்தோம்; ஒரு அலுவலர் நேரில் வந்து பார்த்தார், ஒரு பகுதி மண் எடுக்கப்பட்டது. மீதி மழைக்குப் பிறகும் கிடந்தது. இரவு வேலைச் சத்தம் பற்றியும் எழுதினோம். தேர்வு மாதங்களில் மட்டும் நேரம் சற்றுக் குறைக்கப்பட்டது. புகைப்படம் எடுத்துத் தந்த இளைஞர் அணிக்கு இந்த அவையின் சார்பில் நன்றி. கரையில் குறித்த சில இடங்களில் நின்று, ஒரே கோணத்தில், மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிறார்கள். அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால் தூண் வளர்வதும் தெரிகிறது, ஆறு சுருங்கி விரிவதும் தெரிகிறது. எந்த வாதத்தையும் விட அவை நன்றாகப் பேசுகின்றன.

கோப்பில் ஒரு பகுதியை நான் கேட்டுச் சேர்த்தேன். முதல் திட்டக் காலத்திலிருந்தே கூவம் கரைக் குடிசைகளில் இருந்த பல ஆயிரம் குடும்பங்கள் ஒக்கியம் துரைப்பாக்கம், பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. சில சாலைக்காக, பல 604 கோடி ரூபாய் கூவம் சீரமைப்புத் திட்டத்துக்காக. நம் வீடுகளில் வேலை செய்தவர்கள், சந்தையில் மூட்டை தூக்கியவர்கள், நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள் அதில் இருந்தார்கள். வேலை இங்கே, வீடு அங்கே என்று ஆனதில் பெண்கள் பலர் வேலையையே விட்டார்கள். அவர்கள் போனபோது நம் சங்கம் ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்பது பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டியபோது தெரிந்தது. நமக்கு வெள்ளம் வந்தால் மனு எழுதத் தெரிந்த நாம், அவர்களுக்காக எழுதியிருக்க வேண்டும். அவர்களில் இன்னும் தொடர்பில் உள்ளவர்களிடம் கேட்டு, எந்தத் தெருவிலிருந்து எங்கே போனார்கள் என்பதைப் பெயர் இல்லாமல் பதிவுசெய்து வருகிறோம். முடிந்தவரை அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே.

வரும் ஆண்டுக்கான தீர்மானங்களைச் செயற்குழு உங்கள் முன் வைக்கிறது. தூண்களுக்கு அடியில் உள்ள நிலம் குப்பைமேடாகவோ வண்டி நிறுத்தும் இடமாகவோ ஆகாமல், கரை நடைபாதையாகவும் மழைநீர் இறங்கும் மண்ணாகவும் விடப்பட வேண்டும் என்று கேட்பது முதலாவது. கூவம் முகத்துவாரத்தில் மணல் அகற்றும் வேலை ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன் நடந்ததா என்ற தகவலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பெறுவது இரண்டாவது. நம் பகுதியில் வரவிருக்கும் சரிவுப்பாதை எங்கே இறங்குகிறது என்ற வரைபடத்தைத் தமிழில், பெரிய அளவில், பொது இடத்தில் வைக்கக் கோருவது மூன்றாவது. இந்த மூன்றாவதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். பதினைந்து ஆண்டுகளில் இந்தச் சாலை பல முறை மாறியது. ஒவ்வொரு முறையும் மாற்றத்தை நாம் தெரிந்துகொண்டது தெருவில் சுண்ணாம்புக்கோடு போட்ட பிறகுதான்.

கோப்பின் ஒரு பிரதி சங்க அலுவலகத்தில் இருக்கிறது. மாலை ஆறிலிருந்து எட்டு வரை யாரும் வந்து பார்க்கலாம். 2009க்கும் 2012க்கும் இடைப்பட்ட காலத்துப் புகைப்படங்கள், நோட்டீஸ்கள், அளவெடுப்புத் துண்டுச்சீட்டுகள் யாரிடமாவது இருந்தால் கொடுத்து உதவுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். அந்த மூன்று ஆண்டுகள்தான் கோப்பில் மிகவும் மெலிந்து கிடக்கின்றன.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்