பழைய பள்ளிக் கட்டடத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் குழுவின் வணக்கம்.

காவேரிப்பட்டினத்துக்கும் கிருஷ்ணகிரி அணைக்கும் நடுவில் இருக்கும் நம் ஊரின் பழைய பள்ளிக் கட்டடத் திருப்பணி நல்லபடியாக முடிந்தது. கூரை, சுவர், தரை, தாழ்வாரம், மதிய உணவுக் கொட்டகை எல்லாம் சரிசெய்தாகிவிட்டது. கிணற்றடிச் சுவர் மட்டும் பாக்கி. வரவு செலவு விவரத்தைத் தனித்தாளில் இணைத்திருக்கிறோம். ரசீதுகள் பொருளாளர் வீட்டில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இடித்துவிட்டுக் கான்கிரீட் போட்டால் சீக்கிரம் முடியுமே என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கெட்டுப்போனது சுவர் இல்லை, அதன் மேல்பூச்சு. கருங்கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசிய சுவர் அது. இடையில் ஒருமுறை பழுது பார்த்தபோது சிமெண்ட் பூசிவிட்டார்கள். சுண்ணாம்புப் பூச்சு சுவரில் ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. அதனால்தான் மழைக்கு மழை பாளம் பாளமாக விழுந்தது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசினோம். இந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்கவே நாளானது. தாமதத்துக்கு முக்கியக் காரணம் அதுதான். கூரையின் கைமரங்களில் கரையான் அரித்ததை மட்டும் மாற்றினோம். மங்களூர் ஓடுகளில் உடையாததைக் கழுவி மறுபடி ஏற்றினோம்.

ஆசிரியர் அறை அலமாரியை நகர்த்தியபோது 1950களின் சேர்க்கைப் பதிவேடுகள் கிடைத்தன. அட்டையில் சேலம் ஜில்லா என்று இருக்கிறது. 1965 அக்டோபரில் தருமபுரி தனி மாவட்டமானது, 2004ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. பள்ளி இருந்த இடத்தில்தான் இருந்தது, முத்திரைகள் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. தாய்மொழிக் கட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் அடுத்தடுத்து வருகின்றன. அணை கட்டும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் இங்கே சேர்ந்திருக்கிறார்கள். 1957ல் அணை திறந்த பிறகு அவர்கள் பெயருக்கு நேரே 'ஊரை விட்டுப் போனது' என்று எழுதியிருக்கிறது. 1953ல் ராஜாஜி கொண்டுவந்து, மறுவருடம் காமராஜர் கைவிட்ட, அரைநாள் மட்டும் பள்ளி என்ற திட்டத்தின் அடையாளமும் வருகைப் பதிவேட்டில் உண்டு: அந்த ஒரு வருடம் மட்டும் முற்பகல் பிள்ளைகள், பிற்பகல் பிள்ளைகள் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்.

மதிய உணவுத் திட்டம் தொடங்கிய காலத்து நோட்டு ஒன்றும் இருந்தது. அப்போது அரசு ஒரு பங்கு கொடுக்க, மீதியை ஊரார் போட வேண்டும். கேழ்வரகு ஒரு வள்ளம், புளி கொஞ்சம், விறகு ஒரு கட்டு என்று யார் யார் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இன்று நன்கொடை கொடுத்த பல வீடுகளின் பெயர் அந்த நோட்டிலும் இருப்பதைப் பார்த்து நாங்கள் நெகிழ்ந்துபோனோம்.

இனி, சிலருக்கு வருத்தம் தந்த பெயர்ப்பலகை விஷயம். எட்டாவது பொதுத்தேர்வில், அதாவது ஈ.எஸ்.எல்.சி.யில், தேறியவர்களின் பெயர் எழுதிய மரப்பலகை தாழ்வாரத்தில் தொங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று எட்டாவது தேறினால் ஆசிரியர் பயிற்சிக்கே போகலாம். அதனால் அந்தப் பலகையில் பெயர் ஏறுவது ஊருக்கே பெருமை. பெயிண்டர் புது எழுத்தில் எழுதித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றோம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கை போலக் கொம்பு வைத்த லை, னை எப்படி இருந்ததோ அப்படியே வர்ணம் தீட்டச் சொன்னோம். பிள்ளைகள் இப்போது அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்.

ஆனால் பலகையையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். பலகையின் தொடக்க வருடங்களில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. ஐந்தாவதோடு நின்றவர்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றவர்கள், ஆடு மேய்க்க அனுப்பப்பட்ட பையன்கள் என்று விலகியவர்கள்தான் அதிகம். அதில் ஒரு பெண் நான்காவதில் கணக்கில் முதலாவதாக வந்தவர் என்று ஆசிரியர் ஓரத்தில் குறித்திருக்கிறார். அதற்கு மேல் அவருக்குப் பதிவேட்டில் பக்கமே இல்லை.

இதனால் இரண்டாவது பலகை ஒன்று செய்து, 'இங்கே படித்தவர்கள்' என்று தலைப்பிட்டு, இடையில் நின்றவர்கள் பெயர்களையும் எழுதியிருக்கிறோம். தேறாதவர்கள் பெயரை எதற்குப் பலகையில் போட வேண்டும் என்று குழுவிலேயே கடுமையான வாக்குவாதம் நடந்தது. மதிப்பெண் வாங்கியவரை மட்டும் நினைவு வைத்தால், பசியோடு நடந்துவந்து சிலேட்டில் எழுதப் பழகிய மற்ற பிள்ளைகளை நாமும் கைவிட்டதாகிவிடும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். அந்தக் காலத்தில் இங்கே படித்த பாட்டிமார் சிலர் வந்து தங்கள் பெயரை விரல் வைத்துக் காட்டினார்கள். ஒருவர் மூன்றாம் வாய்ப்பாட்டை நிறுத்தாமல் சொன்னார். அப்புறம் குழுவில் யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

பெயர் விடுபட்டிருந்தால், சேர்ந்த வருடமும் தந்தை பெயரும் எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள், பலகையில் இடம் விட்டிருக்கிறோம். பதிவேடுகளை ஸ்கேன் செய்து ஒரு பிரதியைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்திருக்கிறோம். மீந்த ஓடுகள் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியிருக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் வருடம் ஒருமுறை கூரையைப் பார்த்து உடைந்ததை மாற்ற இருவர் முன்வந்தால் நல்லது. கையிருப்பில் மிச்சமுள்ள தொகையைக் கிணற்றடிச் சுவருக்கு ஒதுக்க அடுத்த கூட்டத்தில் உங்கள் ஒப்புதலைக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு