சாண்டர் வாங்கினால் தூசிக்கும் சேர்த்துச் செலவு செய்யுங்கள்

மரப்பட்டறை நடத்தும் முதலாளிகளுக்கு,

வணக்கம். பல வருடம் பட்டறைகளில் பாலிஷ் வேலை பார்த்தவன் எழுதுகிறேன். உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிக் கையால் தேய்த்த காலம் போய், இப்போது சின்னப் பட்டறையில்கூட ஆர்பிட்டல் சாண்டர், அதாவது உப்புத்தாள் ஒட்டிய தட்டைச் சுழற்றி மரத்தைத் தேய்க்கும் மெஷின், வந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் அதிலிருந்து கிளம்பும் தூசியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கையால் தேய்த்தபோது தூள் பெரும்பாலும் காலடியில் விழுந்தது. மெஷின் அதை மாவாக்கிக் காற்றில் விடுகிறது. சன்னல் வழியாக வெயில் விழும்போது பாருங்கள், தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புகையிலை இருக்கும் அதே பிரிவு. அந்தப் புற்றுநோய் வருவது மூக்கிலும் அதையொட்டிய எலும்புக் குழிகளிலும். தேக்குத்தூள் பட்டு உடம்பு அரிக்கிறது என்று சொல்லும் பையனிடம் "பழகிடும்டா" என்கிறோம். ஒவ்வாமை பழகாது, கூடத்தான் செய்யும்.

முகத்தில் கட்டும் துண்டு நைசான தூளைத் தடுக்காது. என்95 முகக்கவசம் கொடுங்கள். மெஷினின் தூசி வாயில் வாக்குவம் கிளீனரை மாட்டுங்கள். தாளின் துளையும் அடித்தட்டின் துளையும் நேராக இருந்தால்தான் தூசி உள்ளே போகும். கோணலாக ஒட்டிவிட்டு மெஷினைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சீலர் (பாலிஷுக்கு முன் மரத்தின் துளைகளை அடைக்கப் பூசுவது), பாலிஷ் தேய்த்த தூள் நிறைந்த பையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

அப்புறம், "சீக்கிரம் முடி" என்று நீங்கள் அவசரப்படுத்தினால் வேலை செய்கிறவன் மெஷினை அழுத்துவான். அழுத்தினால் தட்டு சுற்றுவது மந்தமாகும், தாள் அடைத்துக்கொள்ளும், மரத்தில் சுருள் சுருளாகக் கோடு விழும். மெஷினின் கனமே போதும், கை வழிநடத்தினால் சரி. உப்புத்தாளில் நம்பர் கூடக் கூட நைசாகும். சொரசொரப்பான 80 நம்பரிலிருந்து நேராக 220க்குத் தாவினாலும் இதே கதைதான். தேய்க்கும்போது தெரியாத கீறல் பாலிஷ் ஏறியதும் பல்லைக் காட்டும். நடுவில் 120, 180 போடத்தான் வேண்டும். பென்சிலால் மரத்தில் லேசாகக் கிறுக்கிவிட்டு அது மறையும்வரை தேய்க்கச் சொல்லுங்கள், மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

சாண்டர் இல்லையென்று இரும்பு அறுக்கவும் தேய்க்கவும் உள்ள ஆங்கிள் கிரைண்டரில் உப்புத்தாள் வட்டை மாட்டி, பாதுகாப்பு மூடியையும் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்வதை மட்டும் நிறுத்துங்கள். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுவது அது. தோளில் கிடக்கும் துண்டு மாட்டினால் கையை எடுக்க நேரமிருக்காது. எந்த மெஷின் ஆனாலும் தாள் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

பழைய வீட்டுக் கதவு, சன்னல் வந்தால் இன்னும் கவனம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. அதில் சாண்டரை வைக்காதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்துக் கையால் தேய்க்கட்டும். இரண்டு நாள் கூடுதலாக ஆகும். ரேட் பேசும்போதே அந்த இரண்டு நாள் கூலியைச் சேர்த்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாலிஷ்காரன்