அந்தக் குட்டையை மட்டும் விட்டுவிடுங்கள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் குறைந்தபாடில்லை. மற்றபடி, இந்த வருஷம் சேர்வராயன் மலையில் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அடிவாரத்தில் எங்கள் மானாவாரிக் காட்டுக்குக் கீழே, மேய்ச்சல் நிலத்தில் ஒரு பள்ளம் உண்டே, நினைவிருக்கிறதா? அது நிரம்பிவிட்டது. கலங்கல் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்தால், உள்ளே விரல்கணு நீளத்தில், மழைக் குட்டையில் வாழும் இறால்கள். குடல் வரைக்கும் தெரிகிறது. மல்லாந்தபடியே நீந்துகின்றன. 11 ஜோடிக் கால்கள் ஓயாமல் அசைகின்றன. நீந்துவது, இரை தேடுவது, மூச்சு விடுவது மூன்றும் அந்தக் கால்களால்தான். பெண்ணுக்குக் கால்களுக்குப் பின்னால் ஒரு முட்டைப் பை.

குட்டை சில வாரங்களில் வற்றிவிடும், இறாலும் செத்துப்போகும். ஆனால் முட்டைகள் சேற்றோடு காய்ந்து, சித்திரை வெயிலையும் தாங்கிப் பல வருஷம் உயிரோடு கிடக்கும். முதல் மழைக்கே எல்லாம் பொரிந்துவிடாது. விதைநெல்லில் கொஞ்சம் எடுத்து வைக்கிற மாதிரி, ஒரு பங்கு அடுத்தடுத்த மழைக்குக் காத்திருக்கும். மழை பாதியில் ஏமாற்றினாலும் வம்சம் அழியாது. பறவையின் வயிற்றிலும் மாட்டுக் குளம்புச் சேற்றிலும் முட்டைகள் வேறு குட்டைகளுக்குப் போய்விடும். ஓடை நண்டுக்கு அந்த வசதி கிடையாது. குஞ்சுகள் நண்டாகவே பொரிந்து தாயின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெகுதூரம் பரவாது. அதனால்தான் பல மலைகளில் அந்தந்த மலைக்கே உரிய நண்டுகள் இருக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பள்ளத்தை ஜேசிபி வைத்து ஆழமாக வெட்டி, மீன் விடலாம் என்று ஊரில் பேச்சு. நல்ல எண்ணம்தான். ஏரியைத் தூர்வார வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் இந்த இறாலுக்கு மீனிடமிருந்து தப்ப ஓட்டமும் கிடையாது, ஓடும் கிடையாது. குட்டை காய்வதால்தான் மீன் இல்லை, மீன் இல்லாததால்தான் இது பிழைக்கிறது. வருஷம் முழுக்கத் தண்ணீர் நின்று ஜிலேபிக் கெண்டையும் வந்துவிட்டால் முடிந்தது. மேல்மண்ணை அள்ளினால் முட்டைகளும் லாரியில் போய்விடும். கிராம சபையில் எழுந்து, அந்த ஒரு குட்டையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். விடமாட்டேன், மறுபடியும் கேட்பேன்.

உங்கள் தூத்துக்குடி உப்பளத்தில் இருக்கும் ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர் இறாலும் இதன் பங்காளிதான். இது மீனுக்குத் தப்பி வறட்சியில் குடியேறியது, அது உப்பில். அதற்காக எவ்வளவு உப்பையும் தாங்கும் என்று நினைத்துவிடாதே. அமெரிக்காவின் மோனோ ஏரிக்கு வரும் ஓடைகளை 1941 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குத் திருப்பினார்கள். ஏரி இறங்கி, உப்பு இரண்டு மடங்கானது. அங்கே மட்டுமே உள்ள ஆர்ட்டீமியாவுக்கும் அதைத் தின்ன வரும் பறவைகளுக்கும் ஆபத்து வந்தது. மக்கள் வருஷக்கணக்கில் போராடித்தான், ஏரி நீர்மட்டத்தை உயர்த்தும்படி 1994இல் உத்தரவு வந்தது.

உங்கள் பக்கம் ஆபத்து வேறு. தூத்துக்குடியில் காலங்காலமாக இருந்த வகை, ஆண் துணையில்லாமல் பெண்ணே இனம் பெருக்குவது. இறால் குஞ்சுப் பண்ணைகளின் தீவனத்துக்காக டப்பாவில் முட்டையாக வந்த அமெரிக்க வகை இப்போது நம் நாட்டு உப்பளங்களிலும் இறங்கிவிட்டது. அதில் ஆணும் பெண்ணும் உண்டு. அது பெருகும் இடத்தில் பழைய வகை ஒடுங்கிப்போகிறது.

எனக்காக ஒரு காரியம் செய். அடுத்த முறை உப்பளம் போகும்போது, உப்பு உறைவதற்கு முந்தைய பாத்தியில் ஒரு டம்ளர் மொண்டு பார். பெண்ணின் இடுப்பை ஆண் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஜோடி ஜோடியாக நீந்தினால், வந்தேறி வந்துவிட்டது என்று அர்த்தம். தனித்தனியாக, எல்லாம் முட்டைப் பையோடு இருந்தால் பழைய வகையாக இருக்கலாம். எந்தப் பாத்தியில் எப்படி இருந்தது என்று குறித்து எழுது.

தங்கைக்கும் மகளுக்கும் என் அன்பு. தைக்கு எல்லோரும் கட்டாயம் இங்கே வர வேண்டும்.

அன்புடன்,
உன் சேலத்து நண்பன்