சுருக்கத்தை எந்தக் கோப்பில் அனுப்புவது?

கொக்குவில்,
ஞாயிறு மாலை.

அன்பு மகளுக்கு,

ஆய்வுச் சுருக்கத்தை அழகாகப் பிடிஎப் ஆக்கி வைத்திருக்க, மாநாட்டுக்காரர் வேர்ட் கோப்புத்தான் வேண்டும் என்று நிற்கிறார்களே என நேற்றுத் தொலைபேசியில் சினந்துகொண்டாய். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பிடிஎப் வாசிப்பதற்கு உகந்தது. ஆனால் வந்து சேரும் சுருக்கங்களை எல்லாம் ஒரே தொகுப்பு நூலாக்க ஒருவர் இருந்து வெட்டி ஒட்ட வேண்டும், பிடிஎப்பிலிருந்து தமிழை நகலெடுத்தாலோ பல வேளைகளில் கொம்பு ஓரிடத்திலும் அரவு வேறிடத்திலுமாகச் சிதறிவிடும். ஆகவே அவர்கள் கேட்டபடி, 2007ஆம் ஆண்டு வேர்டுடன் வந்த டொக்எக்ஸ் வடிவிலேயே அனுப்பு.

அதைவிட எனக்குக் கவலை தருவது எழுத்துரு. முன்பொரு கருத்தரங்குக்கு நான் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்து அனுப்பிய சுருக்கம், பாமினி இல்லாத கணினியில் திறக்கப்பட்டு, யாரும் கவனிக்காமல் அப்படியே அச்சாகிவிட்டது. தலைப்பில் 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. பாமினியில் கணினி சேமித்து வைப்பது அந்த ஆங்கிலக் குறிகளைத்தான். தமிழ் வடிவம் மேலே போர்த்த சட்டை மாத்திரமே. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிக்கோடு அப்படியல்ல, 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலிருந்தே தமிழ் எழுத்துகளுக்குத் தனிக்குறிகள் உண்டு.

நீ யூனிக்கோட்டில்தான் எழுதுகிறாய் என்பது தெரியும். ஆனால் மேற்கோளுக்காக என்னிடம் வாங்கிய பழைய கட்டுரைப் பகுதிகள் பாமினியில் உள்ளவை. அவற்றை ஒட்டிவிட்டு, அறிவித்தலில் சொன்ன எழுத்துருவுக்குக் கோப்பு முழுவதையும் ஒரேயடியாக மாற்றினாயானால், அந்த வரிகள் மட்டும் ஆங்கிலக் குப்பையாகிவிடும். எழுத்துரு மாற்றியில் முதலில் போட்டு எடு. பிறகு ஒற்றெழுத்துகளைக் கண்ணால் சரிபார்.

எழுதியவர் யாரென்று தெரியாமல் மதிப்பிடுவார்கள் என்றாயே, தலைப்பின் கீழிருந்து பெயரை எடுத்தால் மட்டும் போதாது. கோப்பின் பண்புகளில் ஆசிரியர் என்ற இடத்தில் வேர்ட் தானாகவே உன் பெயரைப் பதித்திருக்கும்; கோப்புக்கு நீ வைத்த பெயரிலும் அது இருக்கக்கூடும். இரண்டையும் நீக்கிவிடு.

இறுதி நேரம் 'உலகில் எங்காயினும்' 23.59 என்று போட்டிருப்பதாகச் சொன்னாய். அது சர்வதேச நேரத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் பிந்திய கணக்கு. இங்கே இலங்கையில் மறுநாள் மாலை 5.29 ஆகும், லண்டனில் இப்போது குளிர்காலமாகையால் மறுநாள் முற்பகல் 11.59. அவகாசம் இருக்கிறதென்று அதுவரை இழுக்காதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

அனுப்புவதற்கு முன் எனக்கொரு பிரதி அனுப்பு. என் கணினியில் பாமினி இருப்பதால் அதில் பார்ப்பது சோதனையாகாது. அம்மாவின் கைத்தொலைபேசியில் திறந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா